காற்றடிக்கும் முன் கழற்றிவிடவும்

என்னுடைய மேசைக்கு உங்கள் ஐந்து பேரில் யார் வரப்போகிறீர்கள் என்று தெரியாது. யார் வந்தாலும், இடது பக்க இழுப்பறையைத் திறக்க முழங்காலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இந்த அலுவலகத்தில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த தொழில்நுட்பம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் காற்று.

வெள்ளிக்கிழமையோடு நான் போகிறேன். புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றார் அலுவலகத் தலைவர். கூட்டத்தில் பேசினால் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். நீங்கள் எல்லாரும் நாகர்கோவிலுக்கும் தென்காசிக்கும் நடுவில் படித்து வந்தவர்கள். மேல்மாடியில் இருப்பவர்கள் மலையாளிகள், யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரைப் பற்றியும் வரும்.

அனுபவம் சொல்ல நரைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் ஆறு மாத ஒப்பந்தத்தில் வருடக்கணக்காக இருந்தவன் நான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓய்வு பெற்ற அனுபவம் எனக்கு இருக்கிறது. இங்கே யாருக்கும் அவ்வளவு இல்லை.

அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவன் நான்தான் முதலில். வேலை கிடைத்த அன்று கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டார்.

"என்னல வேல?"

"காத்த அளக்கது."

"அளந்து?"

"ஒரு எடத்துல இருபது வருசத்துக்குக் காத்து எப்படி அடிக்கும்னு சொல்லணும். அத வச்சுத்தான் காத்தாடி மிசின் நிறுத்துவாங்க."

அவர் ஒரு பரோட்டாவைத் திருப்பிப் போட்டார். "இருபது வருசமா. ஒனக்கு எத்தன வருசத்துக்கு வேல?"

"ஆறு மாசம்."

நீண்டகால ஆராய்ச்சியின் சிக்கல்கள் என்று மேல்மாடியில் இருப்பவர்கள் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். என் அப்பா கேட்ட இந்தக் கேள்வி அவற்றில் எதிலும் இல்லை.

நான் சேர்ந்தபோது அலுவலகம் கழக்கூட்டம் போகும் வழியில் ஒரு வாடகை மாடியில் இருந்தது. கடல் பக்கமிருந்து நல்ல காற்று வரும் கட்டடம். எல்லா ஜன்னல்களும் மூடியே இருக்கும். திறந்தால் தாள்கள் பறக்கும். முதல் நாளே ஒருவர் என்னிடம் கடுமையாகச் சொன்னார்: "ஜன்னல் தொறக்கருது, கேட்டோ. இது காத்து ஆபீஸ்."

சொன்னவர் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு. இந்தக் கதை அவருடைய சுற்றறிக்கையில்தான் தொடங்குகிறது.

விதுரா என்ற மலையடிவார ஊருக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டைத் தாண்டிய ஒரு மலைமுகட்டில் நம்முடைய கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் வைத்த காற்றுமானி. காற்று அடித்தால் கிண்ணங்கள் சுற்றும், சுற்றுவதைக் கீழே ஒரு பெட்டிக்குள் இருக்கும் மெமரிச் சில்லு பதிந்துகொள்ளும். இவ்வளவுதான் அறிவியல். இனி நிர்வாகம். எனக்கு முந்தைய காலத்தில் ஒரு மழைக்காலத்தில் காற்றில் ஒரு கிண்ணம் உடைந்து போயிருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு. தணிக்கைக்காரர்கள் ஏன் உடைந்தது என்று கேட்டார்கள். காற்றில் உடைந்தது என்று பதில் போயிற்று. காற்றில் ஏன் வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. இதற்குப் பதில் எழுத ஆள் இல்லாமல் அந்தக் கோப்பு வருடக்கணக்கில் மேசை மேசையாக அலைந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். மே மாதக் கடைசியில், இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னால், சுற்றறிக்கை வரும்: மழைக்காலக் காற்றினால் சேதம் ஏற்படாதிருக்க, காற்றுமானியைக் கழற்றி ஸ்டோர்ஸில் ஒப்படைக்கவும். ஓணம் முடிந்து, மலையில் காற்று ஓய்ந்து, புல்லே அசையாமல் நிற்கும் காலத்தில் அதை மறுபடி ஏற்றுவோம்.

நான் புதியவன் என்பதால் கேட்டுவிட்டேன். "சார், காத்து அடிக்கிற மாசத்துலதானே காத்த அளக்கணும்?"

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கோபமில்லை, இரக்கம்தான். "எடோ, இது அளக்க வாங்கின சாதனமாக்கும். ஒடைக்க வாங்கினதில்ல. போச்சுன்னா ஆடிட்டுக்கு ஆரு பதில் சொல்லும்? தானோ?" மலையாளத்தில் 'தான்' என்றால் நீ.

அப்படியானால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள இடைவெளியை என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. கடற்கரை ஓரமாக உள்ள விமான நிலையத்தில் அளந்த காற்றை எடுத்து, ஒரு எண்ணால் பெருக்கி, அந்த இடைவெளியில் நிரப்பிவிடுவார்கள். கடலோரக் காற்றுக்கும் மலைமுகட்டுக் காற்றுக்கும் என்ன உறவு என்பது உலகம் முழுக்கப் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. நம் அலுவலகத்தில் அது ஒரு பெருக்கல். அந்த எண்ணை யார் கண்டுபிடித்தார்கள் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. தலைவர் உட்பட எல்லாரும் "அந்த எண்" என்றே மரியாதையாகக் குறிப்பிட்டார்கள்.

பெருக்கலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மேடம், முன்னால் சொன்ன தமிழ் வாசிக்கத் தெரிந்த விஞ்ஞானி. கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் வருவார். அந்த மாடியில் காற்றைப் பற்றி நிஜமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் பல வருடங்களாக இப்படி நிரப்பப்பட்ட காற்று வரைபடத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். என்னிடம் ஒருநாள் படத்தைத் தள்ளினார். "ஓணத்துக்கப்பறம் அளக்கறோமே, அது காத்தாடாப்பா? மலை மூச்சு விடறது, அவ்வளவுதான். போ, ஜெராக்ஸ் எடுத்துண்டு வா."

இப்படியே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வருடம் அந்த முகட்டில் காற்றாலை ஒன்றை நிஜமாகவே நிறுத்துவது என்று முடிவாயிற்று. நம்முடைய அறிக்கை போனதும் இயந்திரம் வந்துவிடும். தலைவர் திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். அப்போது இயந்திரம் செய்யும் கம்பெனியின் எஞ்சினியர் ஒரு கூட்டத்துக்கு வந்தார். சின்னப் பையன். சராசரி வேகம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, மழைக்காலத்தில் காற்றின் கொந்தளிப்பு எவ்வளவு என்று சாதாரணமாகக் கேட்டான்.

தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். எனக்குக் கீழே ஆள் இல்லாததால் நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உண்டு, உண்டு. தபால்ல அயச்சுத் தரலாம்," என்றார் தலைவர்.

எஞ்சினியர் போனபிறகு மேடம் சொன்னார்: "வேகத்தப் பெருக்கலாம். குலுக்கலப் பெருக்க முடியாது. நம்மகிட்ட அது இல்ல."

"அதே எண் வச்சுப் பெருக்கினா மதி, அது போதும்," என்றார் தலைவர்.

அதே வாரம் சுற்றறிக்கையும் வந்தது. கழற்றவும். இந்த இரண்டுக்கும் ஏதோ முரண்பாடு இருப்பதாக அந்த மாடியில் யாருக்கும் தோன்றவில்லை. கழற்றும் வேலைக்கு என்னையும் கம்பம் ஏறும் அண்ணனையும் அனுப்பினார்கள். அண்ணன் மார்த்தாண்டத்துக்காரர், ரப்பர் மரம், தென்னை, டெலிபோன் கம்பம் என்று உயரமாக இருக்கும் எதிலும் ஏறியவர்.

அந்த வருடம் இடவப்பாதி சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. விதுரா தாண்டும்போதே ஜீப்பின் படுதா அறைந்துகொண்டிருந்தது. முகட்டுக்கு நேர் கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லயம், ஒரே கூரையாக நீளமாக ஓடும் வீடுகள். அதைத் தாண்டி முன்பும் போயிருக்கிறேன். அன்றுதான் கூரையைக் கவனித்தேன். தகரத்தின் மேல் கற்கள், கற்களின் மேல் லாரி டயர்கள், எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காகக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் முளையடித்துக் கட்டியிருந்தது.

"கூரைய மாட்டக் கட்டுன மாதி கெட்டிப் போட்டிருக்கானுவ, பாத்தியா மக்கா," என்றார் அண்ணன்.

நான் கூரையிலிருந்து முகட்டுக்குப் பார்வையை உயர்த்தினேன். காற்றாலை வரவேண்டிய இடம் நேர் மேலே இருந்தது. அந்த இயந்திரத்தின் ஒரு இறக்கையே அந்த லயத்தில் பாதி நீளம் வரும். அது பிய்ந்தால் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று எங்கிருந்து வருகிறது, மலை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்தால் போதும்.

மேலே கம்பத்தின் இழுகம்பிகள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. உச்சியில் கிண்ணங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை, வெறும் வட்டம்தான் தெரிந்தது. சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கருவி சேதமில்லாமல் இறங்க வேண்டும் என்று இருந்தது. அதை இறக்குகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கொஞ்சம் பொறுப்போம் பிள்ளே. ஒரு அடங்கல் வரும். அந்தால ஏறி எறக்கிரலாம்," என்றார் அண்ணன். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பாறை மறைவில் பீடி பற்றவைக்க முயன்று தோற்றார்.

அவர் சொன்னபடி அடங்கல் வந்தது. மூடுபனி அப்படியே நின்றது. கிண்ணங்கள் மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தன. அண்ணன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏறட்டா?"

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கழற்றினால் எல்லாம் சரி. ஜூலையில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், சூப்பிரண்டு ரசீது தருவார், குலுக்கலை நான் உட்கார்ந்து பெருக்குவேன். கழற்றாமல் விட்டு அது உடைந்தால் வேலை போகும், தம்பானூர் ஹோட்டலில் என்னைப் பற்றி அப்பா சொல்லி வைத்திருப்பதெல்லாம் பொய்யாகும். கீழே கயிறு போட்டுக் கட்டிய கூரை. துணிச்சல் எதுவும் எனக்கு வரவில்லை.

"வேண்டாண்ணே. இருக்கட்டும்."

"என்ன வெளயாடுதியா? ஸ்டோர்காரன் எனக்க கழுத்தப் பிடிப்பான்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வாயால சொன்னா அந்த ஆபீஸ்ல காது கேக்காது. எழுதித் தா."

சுற்றறிக்கையின் பின்புறத்திலேயே எழுதினேன்: என் பொறுப்பில் கழற்றாமல் விடப்படுகிறது. அண்ணன் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவர் பத்திரப்படுத்தியதைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயம் முழுசாக வந்தது.

விதுரா எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், கழட்டல."

"ஏன்?"

"காத்து அடிக்குது மேடம்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "இந்த ஆபீஸ்ல இத்தன வருஷத்துல யாரும் சொல்லாத காரணம்டாப்பா." சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "இரு. நல்லா கேட்டுக்கோ. ஒடஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஜூலைல ஒன் கான்ட்ராக்ட் முடியறது. தெரிஞ்சுதானே பண்றே?"

"தெரியும் மேடம்."

"சரி. மழ முடியறவரைக்கும் சில்ல மட்டும் ஒழுங்கா மாத்திண்டு வா."

அடுத்த வாரங்களில் நான் அந்த அலுவலகத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளியின் உறவுக்காரன் போல ஆனேன். காலையில் படியேறும்போதே சூப்பிரண்டு கேட்பார்: "சாதனம் உண்டோ?" உண்டு என்பேன். உயிரோடு இருக்கிறதே என்பது போலத் தலையை ஆட்டுவார். கணக்குப் பிரிவில் பந்தயம் கட்டியிருந்தார்கள். வெளியே மழை வலுக்கும்போதெல்லாம் எல்லாரும் மூடிய ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த ஆபீசில் காற்றைப் பற்றி அத்தனை பேர் அக்கறைப்பட்டது அந்த ஒரு பருவத்தில்தான்.

தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். "எடோ, தான் படிச்சவனல்லே? ஒரு கிண்ணிக்கு வேண்டி ஜோலிய விட்டுக் களயணோ? தன்னோட அச்சன் பரோட்டா அடிக்கிறது ஞான் அறியும். இதுபோல ஒரு ஜோலி அவருக்குக் கிட்டியிருந்தா களஞ்சிருப்பாரோ?"

அதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு. "அவரு சொல்லது சரிதான? மொதலாளி எறக்கச் சொன்னா எறக்க வேண்டியதுதான. நான் என்ன பரோட்டாவச் சதுரமாவா போடுதேன்?" என்றார்.

ஜூலையில் ஒரு நாள் சில்லு மாற்றப் போனபோது உச்சியில் வெறும் தண்டு நின்றது. மூன்று கிண்ணங்களும் இல்லை. அண்ணன் சரிவில் இறங்கி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். நசுங்கி, வெற்றிலைச் செல்லத்து மூடி போல இருந்தது. பிய்ந்து போகும் நொடிவரை பெட்டி எல்லாவற்றையும் பதிந்திருந்தது.

இரண்டு படங்களையும் மேடத்தின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பெருக்கி நிரப்பிய படத்தில் மழைக்காலம் வாழ்த்து அட்டையில் வரும் மலை போல வழுவழுவென்று ஏறி இறங்கியது. அளந்த படம் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுக்கும் தாள் போல இருந்தது. மேடம் விளக்கியபடி, காற்று சரிவில் முட்டி, கீழிருந்து சாய்வாக எழும்பி, முகட்டில் உடைந்து சுருள்கிறது. ஒரு மூச்சு அடங்குகிறது, அடுத்த மூச்சு அறைகிறது. சராசரி பார்த்தால் கண்ணியமான காற்றுதான். ஆனால் இறக்கையை உடைப்பது சராசரி இல்லை.

முதலில் வந்தது பாராட்டு இல்லை, மெமோ: காற்றுமானி காற்றுக்கு உட்படுத்தப்பட்டது ஏன் என்று விளக்கம் தரவும்.

நான் எழுதிய பதில் ஒரே வரி. காற்றை அளப்பதற்காக. மேடத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதையே அனுப்பு. 'பணிவுடன்'னு ஒரு வார்த்த சேத்துக்கோ," என்றார்.

அறிக்கை போகவேண்டிய நாளில் தலைவர் வழுவழுப் படத்தை எடுத்து மேடத்தின் பக்கம் நகர்த்தினார். மேடம் பேனாவை மூடி வைத்தார். "இத்தன வருஷம் போட்டேன். இதுக்குக் கீழ போடமாட்டேன். அந்த முகட்டுக்குக் கீழ லயம் இருக்கு. மனுஷாள் இருக்கா."

லயத்தைப் பற்றிச் சொன்னபோது தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, அத விடுங்கோ," என்றார் மேடம். "கிண்ணி போனதுக்கு ஒரு மெமோ. மெஷின் போனா எத்தன மெமோ வரும்? அதே எண்ணால பெருக்கிப் பாருங்கோ."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உண்மையான படம்தான் போயிற்று. அந்த முகட்டில் எங்கள் இயந்திரம் நிற்காது என்று கம்பெனி எழுதிவிட்டது. திறப்பு விழா நின்றது. அதற்கு அடுத்த வருடம் தலைவர், மலைமுகட்டில் மழைக்காலக் காற்றின் கொந்தளிப்பு பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்துப் பெயர் வாங்கினார். கடைசிப் பக்கத்தில் களப்பணியாளர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார். அண்ணனும் நானும் அந்தக் களப்பணியாளர்கள். கிண்ணத்துக்கு நன்றி இல்லை.

என் வேலை என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஜூலையில் என்னை அனுப்பிவிடத்தான் நினைத்தார்கள். ஆனால் விளக்கம் கேட்டு, அது முடிவாகாத நிலையில் ஒருவனை விடுவிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். கோப்பு முடியும்வரை ஆறாறு மாதமாக நீட்டிப்பு என்று எழுதினார்கள். 'பணிவுடன்' உள்ள என் ஒரு வரியை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க இவ்வளவு வருடம் ஆயிற்று. படிப்பும் உழைப்பும் காப்பாற்றியதாக அப்பா ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றியது உடைந்த கிண்ணம். போன மாதம் கோப்பை முடித்துவிட்டார்கள். அதனால்தான் நான் போகிறேன். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை. அந்தக் கட்டடத்தில் ஜன்னலே கிடையாது.

சுற்றறிக்கை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு மே மாதமும் வந்தது. ஒவ்வொரு வருடமும் அதன் பின்புறத்தில் அதே வரியை எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். சில வருடங்களில் கிண்ணம் பிழைத்தது, சில வருடங்களில் போயிற்று. இன்று அந்த ஒரு முகட்டின் மழைக்காலம் வருடம் தவறாமல் நம்மிடம் இருக்கிறது. நீண்டகால ஆராய்ச்சி என்று உங்களுக்கு அறிமுகப்படுத்தினார்களே, அது இதுதான். சட்டப்படி பார்த்தால் அத்தனையும் விதிமீறல்.

நேற்றுக் கடைசியாகச் சில்லு மாற்றப் போனேன். லயத்துக் கூரையில் டயர்கள் அப்படியே இருந்தன. ஒரு பெண் கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே எது வராமல் போயிற்று என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நிறுத்தாத காற்றாலைக்குக் கல்வெட்டு வைக்கும் வழக்கம் எங்கும் இல்லை.

மலை இறங்கி விதுரா சந்தைக்கு ஜீப் வந்ததும் அண்ணன் கேட்டார்.

"நீ போற. மே மாசம் எனக்கு ஆரு மக்கா எழுதித் தருவா?"

"புதுசா அஞ்சு பேரு வந்திருக்காங்கண்ணே," என்றேன்.